உழாமல் விட்ட துண்டு

என் சீதனத்துக்குப் பேசிய வயலைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் தம்பலகாமத்துக்கு வந்த காலையில், என் கண் முழுக்க வயலின் கிழக்கு மூலையில்தான் இருந்தது. சிறுபோகத்துக்கு உழுது வயல் கறுத்துக் கிடந்தது. மாடு மேயும் தரவையை ஒட்டிய அந்த மூலையில் மட்டும், ஒரு வீடு கட்டலாம் என்கிற அளவுக்கு, ஒரு துண்டு புல்லும் கட்டியுமாகக் கிடந்தது. அதை உழாமல் விடச் சொன்னது நான்.

காரணம் ஓர் ஆட்காட்டிக் குருவி. வெறும் தரையில் முட்டையிட்டு அடை கிடந்தது. குருவி கிடக்குது என்று நான் சொன்னதும் அப்பா ஒன்றும் கேட்காமல் டிராக்டர்காரரை மறித்துவிட்டார்.

வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போனபோது, அங்கே வேலை செய்த அப்பா ஏலத்தில் ஒரு பைனாகுலர் எடுத்திருந்தார். கப்பல் பார்க்கத்தான் எடுத்தார். அது என் கைக்கு வந்தபின் கப்பலைக் கவனிக்க ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பெண், லீவு விட்டால் தரவையில் குப்புறப் படுத்து வானம்பாடியும் காடையும் பார்க்கிறாள் என்ற கதை உப்புவெளியில் எங்கள் வீட்டு வேலியைத் தாண்டக் கூடாது. அது அம்மாவின் கண்டிப்பான உத்தரவு.

மாப்பிள்ளை வரவில்லை. அவருடைய தாயும் தாய்மாமனும் வந்திருந்தார்கள். பெண்ணையும் காணியையும் ஒரேயடியாகப் பார்த்துவிடலாம் என்று என்னையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். தாய்மாமன் பழுத்த கமக்காரர். வாய்க்காலைப் பார்த்தார், வரம்பை மிதித்துப் பார்த்தார், மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு மூலையைப் பார்த்தார்.

"அந்தத் துண்டு ஏன் உழாமக் கிடக்கு? வழக்கு ஏதும் இருக்கோ?"

எங்கள் பக்கத்தில் நல்ல வயலில் ஒரு துண்டு சும்மா கிடந்தால், பங்காளி யாரோ மறித்திருக்கிறான் என்றுதான் அர்த்தம். பெண்ணோடு வழக்கையும் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று அவர் நினைத்ததில் பிழையில்லை. நாலு முட்டைக்காக அப்பாவைக் கள்ளனாக்கிவிட்டேனே என்று கூசிப்போய் நின்றேன்.

அப்பா சிரித்தார். "வழக்கொண்டும் இல்லை. ஆக்காட்டி ஒண்டு அடை கிடக்குது. எனக்கு இந்தக் குருவி பாக்கிற விசர் கொஞ்சம் இருக்கு. வீட்டில எல்லாரும் ஏசுறவை."

காகத்தையும் கோழியையும் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது. என்னை மறைக்க என் விசரைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப காட்டுங்கோவன், பாப்பம்," என்றார் தாய்மாமன்.

அப்பா முன்னால் நடந்தார். ஆட்காட்டி எழும்பித் தலைக்கு மேலே கத்தத் தொடங்கியது. அப்பா ஓர் ஈச்சம்பற்றையை விலக்கி, அதற்குள் கூட்டைத் தேடினார். எனக்கு நிலம் பிளந்தால் தேவலை போலிருந்தது.

"ஆக்காட்டி தரையிலயெல்லோ முட்டையிடும்," என்றார் தாய்மாமன். முகம் இறுகிவிட்டது. "குருவி பாக்கிற உங்களுக்கு அது தெரியாதோ?"

அப்பா தடுமாறி ஒரு காலைப் பின்னுக்கு எடுத்தார்.

"அப்பா, அசையாதேங்கோ," என்றேன். "முட்டை உங்கட குதிக்காலுக்குப் பின்னால கிடக்கு. உழ விடாமல் மறிச்சது நான். குருவி பாக்கிறதும் நான்தான்."

தாய்மாமன் குனிந்து பார்த்தார். மண் நிறத்தில் கறுப்புப் புள்ளி போட்ட முட்டைகள். காணியில் வில்லங்கம் இல்லை என்று அவருக்கு விளங்கிவிட்டது. மாப்பிள்ளையின் தாய் முட்டைப் பக்கம் திரும்பவே இல்லை. வெயிலில் கறுத்துக் காய்த்துப் போயிருந்த என் முழங்கைகளைப் பார்த்தார்.

"நிலத்தில கிடந்தோ பிள்ளை பாக்கிறனீங்கள்?" மெதுவாகத்தான் கேட்டார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

"ஓம்," என்றேன்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படிச் சொன்னால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

திரும்பும் பஸ்ஸில் அப்பாவின் பக்கத்தில் இருந்தும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சம்பந்தம் போனதுகூட அவ்வளவு சுடவில்லை. எந்தப் புல்லுக்குள் எந்தக் குருவி கிடக்கிறது என்றெல்லாம் பார்த்து வைத்திருந்த நான், அவரைக் கூட்டிப்போய் ஒருநாளாவது அந்தக் கூட்டைக் காட்டவில்லை. அந்த வெட்கம்தான் இன்றைக்கும் இருக்கிறது.

உப்புவெளி கிட்டியதும் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"கூடு நிலத்தில எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை," என்றார். "ஒழுங்காப் பொய் சொல்லியிருப்பன்."