பஸ்கா வாரத்தில் எரிந்த பெருங்காயம்

எங்கள் மகள் ஜெப ஆலயத்தில் சபைக்கு முன்னால் நின்று வேதம் வாசிக்கப் போகிறாள் என்று சொன்னதும், ஜெர்சி சிட்டியில் எங்கள் கட்டடத்துத் தமிழர்களுக்கு இரண்டு சந்தேகம் வந்தது. நாங்கள் எப்போது யூதர்களாக மாறினோம் என்பது ஒன்று. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு விழா என்றால் அது மஞ்சள் நீராட்டுதானே, எதற்கு இவள் இப்படிச் சுற்றி வளைக்கிறாள் என்பது இன்னொன்று. கீழ்வீட்டு ஆன்ட்டி எதற்கும் இருக்கட்டும் என்று பட்டுப்பாவாடையே வாங்கி வைத்துவிட்டார்.

நாங்கள் மாறவில்லை. அப்பாவின் ஆட்கள் கொச்சி யூதர்கள். அவர் பிழைப்புக்காகச் சென்னை மண்ணடிக்கு வந்தார். நான் அங்கேதான் எட்டாவது வரை தமிழில் படித்தேன். கணக்கு வாத்தியாரை நினைத்தாலே காய்ச்சல் வந்ததால் நிறுத்திக்கொண்டேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் இஸ்ரேலுக்குப் போக, என் வீட்டுக்காரருக்கு மன்ஹாட்டனில் ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்ததால் நாங்கள் இங்கே வந்தோம். முதல் தடவை ஜெப ஆலயத்துக்குப் போனபோது, வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் மிகுந்த அன்போடு எங்களுக்கு இந்துக் கோயிலுக்கு வழி சொன்னார்.

பன்னிரண்டு வயதில் யூதப் பெண் சபைக்கு முன்னால் வேதம் வாசிப்பதுதான் அவளுக்கு விழா. மகள் வாசிக்கப் போகும் எபிரேயம் எனக்குத் தெரியாது. நன்றி சொல்லிப் பேச இங்கிலீஷும் வராது. அன்று அந்தக் கூடத்தில் நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: மதியச் சாப்பாடு. அதற்கு அனுமதி தர வேண்டியவர் ஜெப ஆலயத்தின் சமையலறையை ஆண்டுகொண்டிருந்த ஒரு வயதான அம்மா. ரஷ்யாப் பக்கத்திலிருந்து மகனோடு வந்தவர். அவருக்கும் எனக்கும் இங்கிலீஷ் ஏறக்குறைய ஒரே அளவு.

“பாஸோவர் வீக், ஐ கம். ஐ லுக் கிச்சன்,” என்றார் அவர்.

பாஸோவர் என்றால் எங்கள் பஸ்கா பண்டிகை; அந்த எட்டு நாளும் கோதுமை வீட்டில் இருக்கக் கூடாது. அந்த வாரத்தில் அடுப்படியைப் பார்த்தால் ஒருத்தியின் லட்சணம் தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. நான் பத்து நாள் தேய்த்தேன். ஃப்ரிட்ஜை நகர்த்தித் தேய்த்தேன். என் வீட்டுக்காரரின் கோட்டுப் பையைத் தலைகீழாக உதறினேன். “என்னையும் ஒருதடவை உதறிப் பாத்துடேன்,” என்றார். உதறலாமா என்று யோசிக்கத்தான் செய்தேன்.

அவர் வந்தபோது மேஜைமேல் தட்டில் அரிசி பரப்பியிருந்தது. அங்கேயே நின்றுவிட்டார். அவர்கள் ஊர்ப் பக்கத்து யூதர்கள் அந்த வாரம் அரிசியும் சாப்பிட மாட்டார்கள். நாங்கள் சாப்பிடுவோம். ஆனால் ஒரு கோதுமை மணிகூடக் கலந்துவிடாதபடி மூன்று தடவை பொறுக்கிவிட்டுத்தான்.

“பாஸோவர். நோ ரைஸ்,” என்றார்.

“மை மதர், ரைஸ். ஹர் மதர், ரைஸ். த்ரீ டைம்ஸ் லுக்,” என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, நான்காம் தடவை தானே பொறுக்க ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் பொறுக்கினார். கடைசியில் கடுகளவு கல் ஒன்றைக் கண்டுபிடித்து என் உள்ளங்கையில் வைத்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. கோதுமை கிடைக்கவில்லை.

அவருக்குச் சளி வேறு. அடுப்பில் பருப்பில்லாத தக்காளி ரசம் இருந்தது. என்னவென்று கேட்டார். “டொமாட்டோ. பெப்பர்,” என்றேன். கைப்பையிலிருந்து சொந்தமாக ஒரு காகிதக் கோப்பையை எடுத்து நீட்டினார். ஒன்று குடித்தார். இன்னும் இரண்டு குடித்தார். மூக்கைச் சிந்திக்கொண்டு என் மகளிடம், “யுவர் மதர் குக்,” என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

நான் நாற்காலியில் சாய்ந்தேன். ஐந்து நிமிடம்தான் நிம்மதி. மகள் சும்மா இருக்காமல் பெருங்காய டப்பாவை எடுத்து லேபிளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, திஸ் ஹாஸ் வீட் ஃப்ளார்.”

“என்னடி சொல்ற? நல்லாப் படி.”

“நல்லாப் படிச்சாச்சு. ஸ்டில் வீட்.”

அரிசியைப் பொறுக்கினேன், ஃப்ரிட்ஜை நகர்த்தினேன். ரசத்தில் என் கையாலேயே கோதுமை மாவைப் போட்டு, சமையலறைக்கு ராணியான அம்மாவுக்கு மூன்று கோப்பை ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். இஸ்ரேலில் இருந்த என் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன்.

“ஏம்மா, பஸ்காவுக்குப் பெருங்காயம் போடுவோமா?”

“போடமாட்டோம்.”

“ஏன் போடமாட்டோம்?”

“போடமாட்டோம், அவ்ளோதான். நீ போட்டியா?”

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

“ஒரு சிட்டிகைதானே, விடு. கடவுளுக்கு வேற வேலையில்லையா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“அவருக்கு இருக்கலாங்க. அந்தம்மாவுக்கு வேற வேலையே இல்லையே.”

சொன்னால் சமையல் போய்விடும். சொல்லாவிட்டால், தெரியாமல் அவர் வயிற்றில் போன கோதுமை என் நெஞ்சில் கிடந்து பெருகும். மறுநாள் காலை மகளையும் டப்பாவையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மகள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். தேவைக்கு மேலேயே சொன்னாள். லைன் சரியில்லை என்று நான் பாட்டியிடம் ஃபோனை வைத்ததைக்கூட.

அவர் டப்பாவை வாங்கிக் கொஞ்சநேரம் பார்த்தார். என் மகளை அதைவிட அதிகநேரம் பார்த்தார். “திஸ் கேர்ல் ரீட் டூ குட்,” என்றார். பிறகு எங்களைப் பின்வாசலுக்கு நடத்திப் போய், பொடியை ஒரு தகர டின்னில் கொட்டித் தீ வைத்தார். வேண்டாத கோதுமையை எரித்துவிடுவது முறைதான். ஆனால் பெருங்காயத்தை எரித்தால் என்ன ஆகும் என்று முறை வகுத்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. மூன்று மாடியிலும் ஜன்னல்கள் படபடவென்று மூடின. யாரோ மேலேயிருந்து, செத்துப்போனது பூனையா என்று விசாரித்தார்கள். அந்த அம்மா அசையாமல் நின்றார். பிறகு காலி டப்பாவிலிருந்த லேபிளை நகத்தால் உரித்து, நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த லேபிள்தான் என்னை ஆறு வாரம் தின்றது. அது சாட்சி. சபைக் கமிட்டியில் எடுத்துக் காட்டப் போகிறார். மகளை வாசிக்கவே விடாமல் செய்துவிடுவார்களோ என்றுகூடப் பயந்தேன். “கோர்ட்ல கூப்பிட்டா நான் லீவ் போடணும், முன்னாடியே சொல்லிடு,” என்றார் என் வீட்டுக்காரர்.

யாரும் கூப்பிடவில்லை. சமைக்காதே என்றும் சொல்லவில்லை. அதனால் விழாவுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை, அடுப்பு மூட்டக் கூடாத ஓய்வுநாள் சாயங்காலம் பிறக்கும் முன் சமைத்து முடித்துவிட, மதியமே ஜெப ஆலயத்துச் சமையலறைக்குப் போனேன். பஸ்கா எப்போதோ முடிந்துவிட்டது, கோதுமைக்குத் தடையில்லை. இருந்தாலும் நான் பெருங்காயத்தின் பக்கமே போகவில்லை. பெரிய அண்டாவில் ரசம் நுரை கட்டியது. அவர் வந்தார். கரண்டியில் எடுத்து ஊதிக் குடித்தார். முகம் சுளித்தார்.

“நாட் சேம்,” என்றார்.

“நோ வீட்,” என்றேன், பெருமையாக.

“நாட் சேம்,” என்றார் மறுபடியும். கைப்பையைத் திறந்தார். லேபிள் வெளியே வந்தது. அதன் பின்னாலேயே ஒரு புதிய டப்பா வந்தது, அதே பெருங்காயம். பிறகு கடை பில். ஜர்னல் ஸ்கொயரில் ஒரு இந்தியக் கடை. தேதியை விரலால் தட்டிக் காட்டினார்.

“ஆஃப்டர் பாஸோவர். ஐ பை.”

அந்தக் கடைக்காரரிடம் லேபிளை நீட்டி, இவர் எப்படிக் கேட்டிருப்பார் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஒரு சிட்டிகை போதும் என்று விரலால் காட்டினேன். அவர் என் விரலைப் பார்க்கவே இல்லை. ஒரு கரண்டி போட்டார்.

மறுநாள் என் மகள் ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் வாசித்தாள். சாப்பாட்டுக் கூடத்தின் கதவைத் திறந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள்.

“அம்மா, ஹூ புட் திஸ் மச்?”

அந்த அம்மா பக்கத்திலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன தடவை என்னையே காட்டிக்கொடுத்த நான், இந்தத் தடவை யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.