ரோட்டோடு நின்ற தீ

என் பொறுமையை முழுதாகச் சோதித்த கஸ்டமர் வர்க்கி சார்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கு ஒன்றின் மாடியில் எங்கள் ஆபீஸ். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், முதலாளி சேஷன் சார், புரோகிராம் எழுத நான். கீழே சாக்கு அவிழ்த்தால் மேலே தும்மல். ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு போடுவதுதான் பிழைப்பு.

வர்க்கி சார் ஒரு மலை எஸ்டேட்டின் மேனேஜர். எஸ்டேட்டுக்குக் கீழே காடு. வேனிலில் தீ மேலே ஏறி வரும். நடுவில் ஒரு ஜீப் ரோடு. அதற்கு மேலே தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள். தீ ரோட்டோடு நின்றுவிடுமா, அல்லது ரோட்டுக்கு மேலே புல் பூண்டு செதுக்கி அகலமாக ஒரு ஃபயர் லைன் வெட்ட வேண்டுமா என்று டைரக்டர்கள் கேட்டார்களாம்.

"சம்பளக் கணக்கு போடற மெஷின் தீக்கணக்கு போடாதா? போடும் சார்" என்று என்னைக் கேட்காமலே ஒப்புக்கொண்டார் சேஷன் சார்.

மலையைச் சதுரங்களாகப் பிரித்தேன். புல், மரம், பாறை, வீடு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. பக்கத்துச் சதுரம் எரிந்தால் இது பற்றிக்கொள்ள எவ்வளவு வாய்ப்பு என்று காற்றையும் சரிவையும் வறட்சியையும் வைத்து ஓர் எண். பிறகு தாயக்கட்டை உருட்டுவதுபோல ஒரு ரேண்டம் நம்பர். அதனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் தீ வேறு மாதிரி போகும். பலமுறை ஓட்டி, எந்தச் சதுரம் அடிக்கடி எரிகிறது என்று தொகுத்துப் பார்க்க வேண்டும்.

இதை வர்க்கி சாருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

"எந்தா கொச்சே, என்னம்மா இது? நேத்து ஒரு மாதிரி, இன்னைக்கு வேற மாதிரி. கம்ப்யூட்டரா, ஜோசியமா?"

பெரும்பாலான ஓட்டங்களில் எரியும் சருகு ரோட்டைத் தாண்டியது. லயங்கள் எரிந்தன. அவரோ தாள்களைப் புரட்டி ஒன்றை உருவினார்.

"இதுல ரோட்டோட நிக்குதல்லோ. இது மதி, இது போதும். வெட்டுக்கூலி மிச்சம்."

"சார், அது எப்பவாவது வர்றது."

"உங்க மெஷின் அடிச்சதுதானே?"

சேஷன் சாரைப் பார்த்தேன். "அங்க ஆளுங்க குடியிருக்காங்க சார்."

"எஸ்டேட் அவருது. கேட்டதைக் குடும்மா" என்று அவரே அந்தத் தாளை மடித்துக் கவரில் போட்டார். நான் நீட்டிய தொகுப்பை வர்க்கி சார் சாயா கிளாஸுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வேனிலில் தீ ரோட்டைத் தாண்டியது. பகல் நேரம், உள்ளே இருந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடித் தப்பினார்கள். இரண்டு வரிசை லயங்கள் பாத்திரம், துணி, ரேஷன் கார்டு எல்லாவற்றோடும் போயின.

வர்க்கி சார் மாடியேறி வந்து கத்தினார். "ரோட்டோட நிக்கும்னு உங்க கம்ப்யூட்டர் சொல்லிச்சு. நின்னுதோ?"

சேஷன் சார் மன்னிப்பு கேட்டு, அவருக்குச் சாயா வேறு சொல்லியனுப்பினார். நான் குறுக்கே பேசினேன்.

"கம்ப்யூட்டர் சொல்லலை சார். நீங்க பொறுக்கி எடுத்தீங்க."

வர்க்கி சார் போனதும் புரோகிராமைத் திருத்தினேன். தனி ஓட்டம் இனி பிரிண்டாகாது. தொகுப்பு மட்டும்தான் வரும். புதுக் கணக்கு கேட்டு அவர் மறுபடி வந்தபோது பொறுக்கி எடுக்க ஒன்றுமில்லை. முணுமுணுத்துக்கொண்டே தொகுப்பை டைரக்டர்களிடம் கொண்டுபோனார். ஃபயர் லைன் வெட்டினார்கள்.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. தீயே வரவில்லை. போனில் வர்க்கி சார்: "வெறுதே, சும்மா வெட்ட வெச்சீங்களே!"

ரிசீவரை வைத்துவிட்டேன். வேறென்ன செய்ய?

இன்று வண்ணத் திரையில் இதே வேலையைச் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒற்றை ஓட்டத்தின் படத்தை அறையை விட்டு வெளியே விடாதீர்கள். தனக்குச் சாதகமான படத்தைத்தான் கஸ்டமர் நம்புவார். உங்களுக்கு அது ஒரு சதுரம். அங்கே ஒரு குடும்பம் உலை வைத்துக்கொண்டிருக்கும்.