தங்கையன் அண்ணன் முட்டில் டிக் டிக்

பம்பாயிலிருந்து அணுசக்தித் துறை அதிகாரி வந்து இறங்கிய காலையில்தான் மோனசைட் சாம்பிளைக் காணவில்லை. குளச்சல் பக்கம் ஒரு கடலோர மணல் ஆலை; நான் லேபில் சாம்பிள் கிளார்க். நம் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். கருமணலை உலர்த்தி மேக்னட் மெசினில் ஓட்டினால் தேன் நிறத்தில் மோனசைட் தனியே விழும். அதிலிருக்கும் தோரியம் அணு உலைக்கு ஆகும் என்றார்கள். ஒரு பிடி வெளியே போனாலும் போலீஸ் கேஸ்.

எனக்கு எதையும் எண்ணி வைத்தால்தான் சோறு இறங்கும். அலமாரியில் பன்னிரண்டு பைகள் இருக்க வேண்டும், பதினொன்றுதான் இருந்தது. மறுபடியும் எண்ணினேன், அதே பதினொன்று.

"எடுத்தவனுக்கு இன்னைக்கே சீட்டுக் கிழியும்!" என்று மானேஜர் குதித்தார்.

அதிகாரி தஞ்சாவூர்க்காரர். நிதானமாகக் கெய்கர் கவுண்டரை வெளியே எடுத்தார். "மோனசைட் எங்க இருந்தாலும் இது டிக் டிக்னு எண்ணிக் காட்டிடும்." என்னைவிட வேகமாக எண்ணுகிற ஒன்றை அன்றுதான் பார்த்தேன். பிடிக்கவில்லை.

மேக்னட் மெசின் அருகே ஃபோர்மேன் தங்கையன் அண்ணன் நின்றார். கருவியை அவர் காலருகே இறக்கியதும் ஓட்டுக்கூரையில் மழை விழுந்த சத்தம். அண்ணன் வேட்டியை விலக்கினார். வலது முழங்கால் முட்டில், எண்ணெய் தோய்ந்த கிழி. மணலைத் துணியில் முடிந்து, சூடாக்கி வலிக்கு ஒற்றுவது நம் ஊர் வைத்தியம்தானே.

"எனக்க முட்டுல ஒரே வேதன சாரே. மத்த மணலு சட்டுனு ஆறிப்போவும். இது கனமுள்ளது, சூடு நிக்கும்."

"அண்ணே, அது பம்பாய்க்குப் போற சாம்பிளு!" என்றேன்.

"பாதி போவட்டும் மக்கா. பாதி முட்டுக்கு இருக்கட்டும்."

"நீரு நாளைக்கு வரண்டாம் ஓய்!" என்றார் மானேஜர். அண்ணன் முகம் வெளிறியது. அவர் சம்பளத்தை நம்பி வீட்டில் ஏழு வயிறு.

அதிகாரி கையமர்த்தினார். "இருங்க சார். மணல் கேட்டைத் தாண்டல. முட்டு வரைக்கும்தான் போயிருக்கு." பிறகு அண்ணனிடம், "பெரியவரே, இதையெல்லாம் உடம்புல கட்டக் கூடாது. இந்த மணல்ல ஒரு நாள் அணு உலை ஓடும். மனுஷன் சந்திரனுக்கே போவான், பாருங்க."

"போறவனுக்கு உக்கார எடம் உண்டுமா சாரே?"

"உக்காந்துதான் போவான்."

"அப்போ அவனுக்கு முட்டு வலிக்காது. நான் இங்க நாள் முழுக்க நிக்கேன்."

அதிகாரி மெசினைச் சுற்றிப் பார்த்தார். உட்கார ஒரு கல்கூட இல்லை. "முதல்ல இவருக்கு ஒரு ஸ்டூல் போடுங்க. வேலையை விட்டு நிறுத்துறதை அப்புறம் பேசலாம்," என்றார். மானேஜர் அப்புறம் அதைப் பேசவேயில்லை. எண்ணெய் பட்ட மணல் உதவாது என்பதால், அண்ணனே புதுச் சாம்பிள் ஓட்டித் தந்தார், நின்றுகொண்டே.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வேலையிடத்தில் பொருள் காணாமல் போனால் திருடனைத் தேடும்முன், யாருக்கு எங்கே வலிக்கிறது என்று விசாரியுங்கள்.

சந்திரனுக்கு ஆள் போய்த் திரும்பியும் வந்தாயிற்று. தோரியம் உலை இதோ வருகிறது, அதோ வருகிறது என்கிறார்கள். நானும் வருஷத்தை எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஸ்டூல் மட்டும் மறுவாரமே வந்தது.