சைபுக்காவின் ஒரே ஒரு மறுப்பு

எங்கள் முதுகலை வகுப்பில் சைபுதீனுக்கு மட்டும் வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் மலைக்காரர்களிடம் மிளகு வாங்கும் வியாபாரி. எப்போதோ எடுத்த பி.ஏ. சான்றிதழைத் தூசி தட்டிக்கொண்டு, கடையைத் தம்பி ரஃபியிடம் விட்டுவிட்டு, களமசேரிப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தார். எல்லோருக்கும் அவர் சைபுக்கா; இக்கா என்றால் அண்ணன். நானும் மட்டாஞ்சேரிதான். எர்ணாகுளத்தில் ஏறும் மெட்ரோவில் அவருக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்து வருவேன்.

சமூகக் கோட்பாட்டுத் தாளுக்கான விதிகளை மாளவிகா டீச்சர் முதல் வகுப்பிலேயே படித்தார். கட்டுரை தாமதமானால் மதிப்பெண் குறையும். பார்த்து எழுதினால் பூஜ்யம். சைபுக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "விவாதத்துக்கு இருபது. ஒரு முறையாவது அடுத்தவர் வாதத்தை எதிர்த்துப் பேச வேண்டும். பேசாதவர் தேற மாட்டார், அடுத்த பேட்ச்சோடு மறுபடி உட்கார வேண்டும்" என்றதும் தலையாட்டல் நின்றது.

அவருக்கு எதிர்த்துப் பேச வராது. கடைக்கு வந்தவர் எதைச் சொன்னாலும் "சரியாக்கும்" என்று தொடங்கிப் பழகிய நாக்கு. சமூகம்தான் மனிதனை ஆக்குகிறது என்றான் ஒருவன். "சரியாக்கும்." மனிதன்தான் சமூகத்தை ஆக்குகிறான் என்றான் இன்னொருவன். "அதும் சரியாக்கும், மோனே."

அவர் மகள் லமியா அடுத்த ஆண்டு இதே துறையில் சேர இருந்தாள். நான் கடையில் நிற்பதைக்கூடப் பாராமல் சண்டை பிடித்தாள்.

"அத்தா தோத்தா என் பெஞ்சுல வந்து இருப்பீங்க. நான் பின்னே முக்காட்டைக் கண்ணு வரைக்கும் இழுத்துட்டுத்தான் போகணும். ஒரே ஒரு தடவை 'இல்லே'ன்னு சொல்லுங்களேன்!"

"முகத்தைப் பார்த்து எப்படி புள்ள சொல்றது?"

கடைசி விவாதம் வந்தது. பாலக்காட்டுக் கங்கா பேசினாள். என்னையும் சைபுக்காவையும் போல அவள் வீட்டிலும் தமிழ் என்பதால் எங்களோடு தமிழ்தான். நம் நாக்கின் ருசியை முழுக்க முழுக்க வர்க்கம்தான் தீர்மானிக்கிறது என்றாள்.

"சைபுதீன்?" என்றார் டீச்சர்.

"சரியாக்கும்." வகுப்பே பெருமூச்சு விட்டது. "ஆனா மோளே, முழுக்கன்னு வேண்டாம். பாதின்னு வச்சுக்கலாமே?"

"முழுக்கத்தான் இக்கா."

"உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். முக்கால்."

"குறைக்க முடியாது."

சைபுக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்துவிட்டார். டீச்சர் திகைத்தார். கங்காவுக்குக் கண் கலங்கியது. "நான் தப்பா என்ன சொல்லிட்டேன்?"

எனக்கு வகுப்பில் வாய் திறப்பதென்றால் வியர்த்துவிடும். இருந்தும் சொன்னேன்: "கோபமில்ல. எங்க பஜார்ல விலை படியலேன்னா இப்படித்தான் எழுந்து போவாங்க. கூப்பிடணும்னுதான் போறார். கூப்பிடு."

எட்டிப் பார்த்தோம். வராந்தாவில் நோட்டீஸ் போர்டை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். போர்டில் ஒரு தாள்கூட இல்லை.

"இக்கா, வாங்க! உப்பை விட்டுத் தரேன். உப்பு எல்லாருக்கும் ஒண்ணுதான்."

வாசல்வரை வந்து நின்றார். "கூடப் புளியும்."

"புளி நடக்காது. குடம்புளியா, சாதாப் புளியான்னு கேட்டாலே எந்த வீட்டு ஆள்னு சொல்லிடலாம்."

"இல்லே!" சைபுக்காவின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. "எங்க அடுக்களையில ரெண்டும் இருக்கு! என்னை எங்கே கொண்டு வைப்பே?"

டீச்சர் அவசரமாகப் பேனாவைத் தேடினார்.

பன்னிரண்டு மதிப்பெண், தேறிவிட்டார். கடையில் லமியா சாக்குமூட்டையைச் சுற்றி ஒரு குதி குதித்தாள். பிறகு சட்டென்று நின்றாள்.

"அப்ப அடுத்த வருஷம் அத்தா எனக்கு சீனியரா?"

சைபுக்கா அதை அப்போதுதான் யோசித்தார் போலும். முகம் மெல்ல மலர்ந்தது.

"ஜூனியர் புள்ளைங்க சீனியருக்கு சாயா வாங்கித் தரணும்னு ஒரு வழக்கம் உண்டாமே?" என்றார்.