மூன்று பேருக்கும் ஒரே குரல்

என் மனைவிக்கும் இரண்டு மகள்களுக்கும் ஒரே குரல். போன் செய்கிற உறவினர்கள், "யாரு, அம்மாவா பொண்ணா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். எனக்கு மட்டும் அந்தக் குழப்பம் இருந்ததில்லை. அடுப்படியில் மூவரும் ஒரே நேரத்தில் பேசினாலும், கூடத்தில் பேப்பர் படித்தபடியே யார் என்ன சொன்னாள் என்று சொல்லிவிடுவேன்.

நான் பஸ் டிரைவராக இருந்தவன். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்கும் திண்டிவனத்துக்கும் ஓட்டியே காலம் போனது. இன்ஜின் சத்தம் பக்கத்திலேயே இருந்தது. ஓய்வு பெற்ற பிறகுதான் காதில் ஏதோ மாறியிருப்பது தெரிந்தது. செவிடு என்று சொல்ல முடியாது. ஒருவர் தனியாகப் பேசினால் ஒரு சொல் தப்பாது. கொல்லையில் அணில் கத்துவதுகூடக் கேட்கும். ஆனால் மகள்கள் ஊருக்கு வந்து அம்மாவோடு சேர்ந்துகொண்டால், சத்தம் மட்டும்தான் எனக்கு வரும், பேச்சு வராது.

விழுப்புரத்தில் காது பரிசோதிக்கும் ஒரு பெண்ணிடம் போனேன். ஹெட்போனை மாட்டிவிட்டு, ஓர் ஆணும் பெண்ணும் ஒரே நேரத்தில் பேசும் பதிவைப் போட்டாள். பெண் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். அடுத்து இரண்டு பெண்கள். யாரோ ஒருத்தி புரியாத பாஷையில் பேசுவதுபோல் இருந்தது.

"சார், ரெண்டு பேர் சேர்ந்து பேசும்போது எந்தக் குரல் கீச்சா மேல இருக்குது, எது கட்டையா கீழ இருக்குதுன்னு பார்த்துத்தான் மூளை பிரிச்சு எடுக்கும். ஆம்பள குரலுக்கும் பொம்பள குரலுக்கும் வித்தியாசம் பெருசு, அது உங்களுக்குப் பிரியுது. சின்ன வித்தியாசம் இப்ப உங்க காதுக்குப் பிடிபடல."

"மிஷின் வச்சா சரியாப் போயிடுமா?"

"கொஞ்சம் உதவும் சார். ஆனா ரெண்டு குரலையும் சேர்த்துத்தான் கூட்டிக் கொடுக்கும்."

திரும்பி வரும் பஸ்ஸில், உலகத்தில் யார் யார் குரலோ எனக்குப் பிரியும், என் வீட்டுக் குரல்கள்தான் பிரியாது என்று நினைத்துக்கொண்டேன். மனைவியிடம், "கொஞ்சம் மந்தமாம்" என்று மட்டும் சொன்னேன்.

போன பொங்கலுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து கூடத்தில் பேச்சு களைகட்டியது. அவர்கள் சிரித்தால் நானும் சிரித்தேன். பெரிய மாப்பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். கனத்த குரல். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மாமா, அவங்க பேசறது கேட்குதா?"

அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் அவர் குரல் தனியாக வந்தது.

"ஒன்னும் பிரியல மாப்ள."

அதன் பிறகு அவரே சொல்லத் தொடங்கினார். "அத்த, பக்கத்து வீட்டு ஆடு கோலத்த தின்னத சொல்றாங்க." "சின்னது, ஆபீஸ்ல நடந்தத சொல்லுது." எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, அந்தச் சிரிப்புக்கான காரணம் என்னிடம் வந்து சேரும். நான் தனியாகச் சிரிப்பேன்.

சின்னவள் அதைக் கவனித்துவிட்டாள். "இன்னா நைனா, மாமாகிட்ட கேட்டுக் கேட்டு சிரிக்கிற?"

சொல்லிவிட்டேன். விழுப்புரத்தில் அந்தப் பெண் சொன்னதையும் சேர்த்து.

"இத்தன நாளா ஏன் சொல்லல?" என்றாள் மனைவி. அவள் கண் கலங்கியிருந்தது.

"இனிமே ஒருத்தர் ஒருத்தரா பேசுவோம். நைனாவுக்குக் கேக்கும்ல?" என்றாள் பெரியவள்.

அப்படியே பேசினார்கள். ஒருத்தி பேச, மற்ற இருவரும் காத்திருந்தார்கள். ஒவ்வொரு வரியையும் என் முகத்தைப் பார்த்தே முடித்தார்கள். எனக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது. ஆனால் அது அவர்களுடைய பேச்சாக இல்லை, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று ஒப்பிப்பதுபோல் இருந்தது. ஆட்டின் கதையை மனைவி எனக்காக மறுபடி சொன்னாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பெரியவள் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

"நான் ஒரு நட போய்ட்டு வரேன். நீங்க பேசிக்கினு இருங்க" என்று எழுந்தேன். கேட்டைச் சாத்தும்போதே உள்ளே மூன்று குரல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறுபடி தொடங்கிவிட்டன. நிம்மதியாக இருந்தது. கேட்டில் கை வைத்தபடி கொஞ்சம் நின்று கேட்டுவிட்டு நடந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஒரு டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வெள்ளரிக்காய் விற்கிற அம்மாவின் கீச்சுக் குரலும், "திண்டிவனம், திண்டிவனம்" என்ற கண்டக்டரின் கட்டைக் குரலும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக வந்து விழுந்தன. எதுவும் எனக்கான பேச்சு இல்லை. ராஜகிரிக் கோட்டை மலை மேல் வெயில் இறங்கும்வரை அங்கேயே இருந்தேன்.

மிஷினும் வாங்கிக் கொடுத்தார்கள். காதைப் பரிசோதித்த பெண் சொன்னதுபோல் கொஞ்சம் உதவுகிறது, மனைவி அடுப்படியிலிருந்து தனியாகக் கூப்பிடும்போது. கூடத்தில் உதவுவதில்லை. இப்போதெல்லாம் மகள்கள் வந்தால், ஒருத்தி மாற்றி ஒருத்தி என்னோடு மொட்டை மாடிக்கு வருகிறார்கள். வேலை, பிள்ளைகள் படிப்பு, உடம்பு, எல்லாம் நிதானமாகச் சொல்கிறார்கள். "கேக்குதா நைனா?" என்கிறார்கள். கேட்கிறது, நன்றாகவே கேட்கிறது. சொல்லி முடித்ததும் என் தோளைத் தட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போகிறார்கள். கொஞ்ச நேரத்தில் கீழே சிரிப்புச் சத்தம் எழுகிறது. யார் சிரிக்கிறாள் என்று தெரியாது. அடங்கும்வரை நான் மாடியிலேயே இருக்கிறேன்.