ஈப்புலி ஆட்டம்

தெருவில் அவருக்கு நேர்கோடு என்று பெயர். நிலைக்கண்ணாடி வெட்டி விற்கிற தொழில். அளவுகோல் வைக்காமல் இழுத்தாலும் அவர் கட்டர் கோணாது. பேச்சும் அப்படித்தான், கேட்டதற்குப் பதில், அதோடு சரி. வளைவாக எதையும் அவருக்கு வெட்டத் தெரியாது. வட்டக் கண்ணாடி கேட்டு வருகிறவர்களைப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பிவிடுவார்.

கடையின் மூன்று சுவர்களிலும் கண்ணாடிகள் சாய்ந்து நிற்கும். நாள் முழுவதும் தன்னையே எல்லாப் பக்கமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய பிழைப்பு. மற்றவர்களுக்குத் தங்கள் பிடரி எப்படி இருக்கிறது என்று தெரியாது. அந்த நிம்மதி அவருக்கு வாய்க்கவில்லை. உச்சியில் முடி கொட்டத் தொடங்கியதை முதல் நாளிலிருந்தே பின்பக்கமாகப் பார்த்து வந்தவர். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாததற்கு அதைத்தான் காரணம் சொல்வார். மாடியில் குடியிருக்கும் அவருடைய அக்கா ஒப்புக்கொள்வதில்லை.

"மண்டைல முடியில்லாதவனெல்லாம் பேரன் எடுத்துட்டான். உனக்கு வாய்லதான்டா கோளாறு."

அதில் நியாயம் இருந்தது. ஒருமுறை அக்கா அவரை ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனாள். அந்த வீட்டுப் பெண்ணோடு பேசிப் பழகட்டும் என்று இருவரையும் கூடத்தில் தனியாக விட்டார்கள். அவர் வெகுநேரம் சுவரைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக் கண்ணாடில ரசம் போயிருச்சு. நெஜத்துல நீங்க இவ்வளவு மோசமா இருக்க மாட்டீங்க" என்றார். அவர் கைவசம் இருந்த பாராட்டுகளில் அதுதான் பெரியது. திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா பேசவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் பேசினாள்.

அந்தக் கோடையில் கடைக்குள் ஒரு எட்டுக்கால் பூச்சி வந்து சேர்ந்தது. அரிசி அளவு. சாம்பல் உடம்பில் வெள்ளைப் பட்டை. வலை எதுவும் கட்டவில்லை. கண்ணாடி விளிம்புகளில் நடந்தது, நின்றது, திரும்பிப் பார்த்தது. நேர்கோடு துடைப்பத்தை எடுத்தார். அது அவரை நிமிர்ந்து பார்த்தது. முன்னால் லாரி விளக்குப் போல இரண்டு பெரிய கண்கள். ஓரத்தில் இரண்டு சின்னக் கண்கள். தலையைச் சுற்றி இன்னும் நாலு. அத்தனை கண்ணாலும் பார்க்கிற ஒன்றை எப்படிப் பெருக்கித் தள்ளுவது என்று தெரியாமல் துடைப்பத்தைப் பழைய இடத்தில் வைத்தார்.

எதிர்க்கடையில் பூட்டு பழுதுபார்க்கிறவர் வந்து பார்த்தார். "ஈப்புலிங்க. ஈ பிடிக்கும். வலைக்கெல்லாம் காத்திருக்காது, பாஞ்சுதான் பிடிக்கும்."

"இதப் போய் புலிங்கறீங்க."

"என்னக் கேக்காதீங்க. ஈயைக் கேளுங்க."

அதைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. மேஜையில் உட்கார்ந்த ஒரு ஈயை நோக்கிப் பூச்சி பூனை மாதிரி பதுங்கிப் போவதை அவரே பார்த்தார். ஈ கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தால் நகர்ந்தது. ஈ சும்மா இருந்தால் அதுவும் நின்றது. பாய்வதற்கு முன் நின்ற இடத்தில் ஒரு நூலை ஒட்டிக்கொண்டது, சாரத்தில் ஏறுகிறவன் இடுப்பில் கயிறு கட்டுவது போல. பிறகு பாய்ந்தது. தவறிவிட்டது. மேஜைக்குக் கீழே நூலில் தொங்கி, அதைப் பிடித்தே மேலேறி, ஒன்றும் நடக்காதது போல மறுபடி ஆரம்பித்தது. அந்த 'ஒன்றும் நடக்காதது போல' அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

பொழுது சாய்ந்ததும் அது ஒரு பழைய மரச்சட்டத்தின் மூலையில் வெள்ளையாகப் பை ஒன்று நெய்து, உள்ளே போய்த் தூங்கியது.

"பாரு, அது கூட தனியா வீடு கட்டிக்கிச்சு" என்றாள் அக்கா.

ஆனால் அவரைக் கட்டிப்போட்டது வேறொன்று. காலை வெயில் கடைக்குள் விழும்போது பூச்சி ஏதாவதொரு கண்ணாடி முன்னால் வந்து நிற்கும். உள்ளே இன்னொன்று தெரியும். உடனே முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் விரித்துத் தூக்கும். பக்கவாட்டில் இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் நகரும். நெருங்கும், நிற்கும், பின்வாங்கும், மறுபடி நெருங்கும். அங்கே சலித்தால் அடுத்த கண்ணாடி.

"ஜோடி தேடுது" என்றார் பூட்டுக்காரர். பூட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி அவர் உறுதியாகப் பேசுவார்.

நேர்கோடு நம்பினார். உள்ளே இருப்பது தான்தான் என்று பாவம் அதற்குத் தெரியவில்லை. ஆனாலும் கூச்சம் துளியும் கிடையாது.

கூச்சத்தைப் பற்றி அவர் யோசிக்கக் காரணம், மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிற பெண். பிரேம் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு மேஜைக் கண்ணாடி வேண்டும். அங்கே அது அடிக்கடி உடையும். புதிது வாங்க அவளே வருவாள். அவளும் தனியாள்தான். யாரைப் பார்த்தாலும் என்ன பவர் என்று கணக்குப் போடுகிற பார்வை.

"ஒண்ணு சொல்லட்டுமா சார். நீங்க எங்கிட்ட பேசறதே இல்ல. எனக்குப் பின்னாடி கண்ணாடில ஒருத்தி நிக்கறா, அவகிட்டதான் பேசறீங்க."

"அங்க நல்ல வெளிச்சம்" என்றார் அவர், கண்ணாடியில் இருந்தவளிடம்.

அவள் சிரித்தாள். கண்ணாடியில் இருந்தவளும் சிரித்தாள். ஒரே பேச்சில் இரண்டு பேரைச் சிரிக்க வைத்த பெருமையில் அவர் அன்று சாப்பிட மறந்தார்.

வாரத் தொடக்கத்தில் அக்கா ஒரு செய்தியோடு இறங்கி வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்கள் வேறு ஊரில் கிளை திறக்கிறார்கள். அந்தப் பெண்ணை அங்கே போகச் சொல்கிறார்கள். அடுத்த திங்கட்கிழமை அவள் பதில் சொல்ல வேண்டும்.

"இங்க இருக்கறதுக்கு அவளுக்கு ஒரு காரணம் வேணும்டா. சனிக்கிழமை, சொல்லி வச்ச கண்ணாடிய வாங்க வருவால்ல, கேட்டுரு. நீ கேக்கலன்னா ஞாயித்துக்கிழமை நான் போய்க் கேப்பேன்."

அக்கா எதையும் மெதுவாகக் கேட்டதில்லை. அவள் கேட்டால் தெருவே பதில் சொல்லும்.

வாய் திறந்தால் என்ன வரும் என்று நேர்கோட்டுக்குத் தெரியும். பூச்சிக்கும் பேச்சு வராது. அது என்ன குறைந்துபோனது? ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பூச்சியின் ஆட்டத்தைப் பழகினார். இரண்டு கையும் மேலே, விரல்கள் விரித்து. இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம். மூன்று சுவர்களிலும் வரிசை வரிசையாக நேர்கோடுகள் கைதூக்கி நகர்ந்தார்கள். பின்வரிசைக்காரர்களின் வழுக்கை பளபளத்தது. ஷட்டருக்கு அடியில் பூட்டுக்காரரின் தலை தெரிந்தது.

"யாராவது கத்தியக் காட்டறாங்களா சார்?"

"இல்ல."

"சரி" என்று தலை போய்விட்டது.

சனிக்கிழமை அவள் வந்தாள். "கண்ணாடி வெட்டியாச்சா சார்?"

வெட்டவில்லை. அந்த வாரம் அவர் எதையுமே வெட்டவில்லை. கைகளைத் தூக்கினார். இடப்பக்கம் நகர்ந்தார், வலப்பக்கம் நகர்ந்தார், நெருங்கினார். அவள் ஒரு எட்டுப் பின்னால் போனாள். முறைப்படி அவர் நின்றார். பிறகு மறுபடி நெருங்கினார். அவள் கைப்பையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கேயே நின்னு சொல்லுங்க. அடிக்க வர்றீங்களா?"

"இல்லையே."

"பின்ன என்ன இது?"

கைகள் மேலே இருந்ததால் மோவாயால் காட்டினார். ஆளுயரக் கண்ணாடி ஒன்றின் கீழ்விளிம்பில் பூச்சி காலைத் தூக்கி ஆடிக்கொண்டிருந்தது. அவள் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, குனிந்து, வெகுநேரம் பார்த்தாள்.

"இதப் பாத்தா பழகினீங்க?"

"ஆமா. அது ஜோடி தேடுது."

"யாரு சொன்னா?"

"பூட்டுக்காரர்."

"சார், இது சண்டைக்கு நிக்குது. எதிர்ல இன்னொரு ஆம்பளப் பூச்சி நிக்கறதா நெனச்சு, வாடா பாத்துக்கலாம்ங்குது. எங்க கடை ஜன்னல்ல ரெண்டு இப்படித்தான் கையத் தூக்கிட்டு நின்னுதுங்க. கடைசில ஒண்ணு ஓடியே போச்சு."

அவர் கைகள் இன்னும் மேலேயே இருந்தன. "அப்ப பொம்பளப் பூச்சிகிட்ட?"

"அது வேற ஆட்டம். நான் வீடியோல பாத்திருக்கேன். உடம்பு நடுங்கும், தரைல தாளம் தட்டும். அந்த அதிர்வு அவளுக்குக் கால் வழியாத் தெரியும். பிடிச்சிருந்தா நிப்பா."

"பிடிக்கலன்னா?"

"கெளம்பிப் போயிருவா. பசியா இருந்தா அவனத் தின்னுட்டுப் போவா."

அவர் கைகளை இறக்கினார். "ஒரு வாரமா நான் சண்டைக்குப் பழகியிருக்கேன்."

"யாரோட?"

பதில் சொல்ல அவர் கண்கள் அவளுக்குப் பின்னாலிருந்த கண்ணாடிக்குப் போயின. அவள் திரும்பிப் பார்த்தாள். மேஜையில் கிடந்த துடைக்கிற துணியை எடுத்து அந்தக் கண்ணாடி மேல் போட்டாள்.

"இப்ப அவ இல்ல. என்னப் பாத்துச் சொல்லுங்க. முடியலன்னா என் வலது காதப் பாருங்க. சோதனைக்கு வர்றவங்ககிட்ட அப்படித்தான் சொல்லுவேன்."

அவர் காதைப் பார்த்தார். இதுவரை அவர் பார்த்திருந்தது இடம் வலம் மாறிய காது. இது புதிதாக இருந்தது.

"அந்த ஊருக்குப் போகாதீங்க" என்றார் அதனிடம். "என்னக் கட்டிக்குங்க."

சொன்னதும் முழங்கால்கள் நடுங்க ஆரம்பித்தன. செருப்பு தரையில் படபடவென்று அடித்துக்கொண்டது. சுவரில் சாய்ந்திருந்த கண்ணாடிகள் ஒன்றையொன்று தொட்டுக் கிணுகிணுத்தன. நிறுத்தப் பார்த்தார், கூடியது.

மாடியிலிருந்து குரல் வந்தது. "என்னடா அங்க சத்தம்? கேட்டியா இல்லியா?"

"கேட்டாருக்கா" என்றாள் அவள், காலில் ஏறுகிற அதிர்வைக் குனிந்து பார்த்துக்கொண்டு.

"நீ கெளம்பிட்டியா?"

"இல்லக்கா. நிக்கறேன்."

மேலே ஒரு நாற்காலி விழுந்தது. அக்கா படியில் இறங்கத் தொடங்கினாள்.