ஷெல்பியின் பல்லுக்கு இருபத்தொரு மதிப்பெண்

லொரெய்னுக்குப் பாம்புக் காது. அமெரிக்காவில், ஏரிக்கரையில் இருக்கும் ஈரி நகரத்தில் பதினாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஐம்பது பிள்ளைகள் பின்னால் காட்டுக்கத்தல் கத்தினாலும் எவன் என்ன சொன்னான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஏரியிலிருந்து பனி அடித்து ரோடே மறைந்த காலையிலும் ஒரு காது பின்னால்தான் இருக்கும். மகள் ஷெல்பியும் அதே வண்டியில்தான் போகிறாள். பன்னிரண்டு வயது. வண்டிக்குள் இரண்டு பேரும் அம்மா, மகள் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. அது ஷெல்பி போட்ட சட்டம்.

ஷெல்பிக்கு எத்துப்பல். "சோடா மூடி திறக்கணும்டா, ஷெல்பியைக் கூப்பிடு" என்று ஆறாவது வரிசையில் ஒருத்தன் ஆரம்பிப்பான். வண்டியே சிரிக்கும். லொரெய்ன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்ப்பாள். தன் காதில் விழுந்தது என்று தெரிந்தால் பிள்ளைக்கு இன்னும் அவமானம் என்று அவளுக்கு நினைப்பு. அவளுக்கும் ஒரு காலத்தில் அதே பல்தான். இருபத்தெட்டு வயதில் மேல்வரிசையைப் பிடுங்கிவிட்டுப் பல்செட் போட்டுக்கொண்டாள். இன்றைக்கும் சிரித்தால் கை வாய்க்குப் போகும்.

மகளுக்கு அந்தக் கதி வரக்கூடாது, க்ளிப் போட்டே தீர வேண்டும் என்று இருந்தாள். குடும்பக் காப்பீட்டின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: பிள்ளைகளுக்குப் பத்தொன்பது வயது வரை பல், கண் இரண்டும் உண்டு. கண் விஷயத்தில் சொன்ன சொல் தவறவில்லை. வருடத்துக்கு ஒரு சோதனை, ஒரு கண்ணாடி, மறு பேச்சில்லாமல் கிடைத்தது. அதில்தான் அவள் ஏமாந்தாள். பல் சுத்தம் செய்யவும் சொத்தை அடைக்கவும்கூட யாரும் ஒன்றும் கேட்கவில்லை. க்ளிப் என்றதும் நாற்பத்தோராம் பக்கத்துக்குப் போகச் சொன்னார்கள். உடம்புக்குத் தேவை என்று நிரூபிக்க வேண்டுமாம். வாயை அளந்து மதிப்பெண் போடுவார்களாம். இருபத்தைந்து வந்தால் தேர்ச்சி. ஒரு குழந்தையின் வாய் போதுமான அளவு கோணலாக இல்லை என்று அதைத் தோற்கடிக்கிற பரீட்சையை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியாது. ஷெல்பி இருபத்தொன்று எடுத்தாள்.

லொரெய்ன் மேல்முறையீடு செய்தாள். மூன்று பேர் கொண்ட குழு போனிலேயே விசாரித்தது. குறிப்பெடுக்கக் கை வேண்டும் என்று அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சமையல் மேஜைமேல் வைத்தாள். ஷெல்பி வாசலில் பனிக்காலணியைக் கழற்றிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. அந்தக் காதுக்கு அன்றைக்கென்று என்ன வந்ததோ.

"சொல்லுங்க மேடம், உங்க பொண்ணுக்கு என்ன கஷ்டம்?"

கொட்டித் தீர்த்துவிட்டாள். "தினமும் என் வண்டியிலேயே கேக்குறேன் சார். முயல்ங்குறானுங்க. சோடா மூடி திறக்கக் கூப்பிடுறானுங்க. போட்டோ எடுத்தா தலையைக் குனிஞ்சுக்குறா. ரெண்டு வருஷமா பல்லுக்கு இத்தனை பேரு வச்சுட்டானுங்க, ஒண்ணு விடாம எனக்குத் தெரியும்..."

"அது தோற்றம் சம்பந்தப்பட்டது மேடம். நாங்க கணக்குல எடுத்துக்க முடியாது. சாப்பிடுறதுல ஏதாவது சிரமம் உண்டா?"

லொரெய்னுக்குச் சுருக்கென்றது. புருஷன் ஒஹையோ பக்கம் போய்த் தொலைந்த நாளிலிருந்து, பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறதா என்று கேட்காத ஆள் கிடையாது. பள்ளியில் கேட்டார்கள், மாமியார் கேட்டாள், இப்போது இவர்களுமா?

"என் பிள்ளை ஒண்ணும் பட்டினி கிடக்கல. கறியா இருக்கட்டும், சோளமா இருக்கட்டும், தட்டைக் காலி பண்ணிட்டுத்தான் எந்திரிப்பா. நான் நல்லாத்தான் வளர்க்குறேன்."

"அப்ப சிரமம் எதுவும் இல்லை?"

"ஒரு சிரமமும் இல்லை."

"ரொம்ப நன்றி மேடம்."

அந்த ஒரு கேள்விதான் மொத்த வழக்கும். அம்மா, யோசித்துச் சொல்லுங்கள் என்று மூன்று பேரில் ஒருத்தராவது சொல்லியிருக்கலாம். சொல்லித்தருவது அவர்கள் வேலை இல்லையே.

ஒரு வாரம் ஷெல்பி வீட்டில் வாய் திறக்கவில்லை. வண்டியில் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். வயசு அப்படி என்று லொரெய்ன் விட்டுவிட்டாள். பிறகு கடிதம் வந்தது. நிராகரிக்கப்பட்டது, இது இறுதி முடிவு, ஆறு மாதம் கழித்துப் புதிதாக விண்ணப்பிக்கலாம். காரணம்: உண்பதில் எந்தச் சிரமமும் இல்லை எனத் தாயாரே உறுதி செய்துள்ளார்.

"படுபாவிப் பசங்க! நான் சொன்னதை வச்சே என் கழுத்தை அறுத்துட்டானுங்க" என்று லொரெய்ன் கடிதத்தை மேஜையில் அறைந்தாள்.

ஷெல்பி பக்கத்தில் வந்து நின்று வாயை அகலத் திறந்து தலையை நிமிர்த்தினாள். முன்பல்லுக்குப் பின்னால், அண்ணத்தில், கீழ்ப்பல் குத்திக் குத்திச் சதை பிய்ந்து ரத்தம் கட்டியிருந்தது.

"ஐயோ! எத்தனை நாளாடி இது?"

"போன வருஷத்துலேருந்து. மெல்லும்போதெல்லாம் குத்தும். பல்லை அளந்த அன்னைக்குக் கொஞ்சம் ஆறியிருந்துச்சு."

"ஏண்டி என்கிட்ட சொல்லல? பெத்தவகிட்ட சொல்றதுக்கு என்ன?"

"அன்னைக்கு நீ போன்ல சொன்னதை வாசல்ல நின்னு கேட்டேன். ரெண்டு வருஷமா அவனுங்க பேசுனது பூரா உனக்குக் கேட்டுருக்கு. நான் உனக்குக் கேக்கலன்னு நினைச்சுட்டு இருந்தேன்மா. கேட்டுருந்தா நீ வண்டியை நிறுத்தியிருப்பேன்னு நினைச்சேன்."